எண்பத்தெட்டாவது நிமிஷம்

அருப்புக்கோட்டைக்கும் திருச்சுழிக்கும் நடுவில், சாலையை விட்டுக் கொஞ்சம் உள்ளே தள்ளி, ஒரு கண்மாய் இருக்கிறது. பெயர் வேண்டாம். அந்தப் பக்கத்தில் கண்மாய்க்கா பஞ்சம்? பஞ்சமெல்லாம் அதில் நிற்க வேண்டிய தண்ணீருக்குத்தான். மாசி பிறந்துவிட்டால் அடிமண் பாளம் பாளமாக வெடித்துவிடும். பங்குனியில் ஆடு மாடுகளின் குளம்பும் பையன்களின் காலும் சேர்ந்து அந்தப் பாளங்களை மிதித்துத் தூளாக்கிவிடும். கரைமேல் வரிசையாகப் பனை. உள்வாயில் சீமைக் கருவேல். நடுவே நாலு ஏக்கர் வெட்டவெளி. அங்கேதான் கால்பந்து.

மற்ற தேசங்களில் கால்பந்துப் பருவத்தைச் சங்கத்தார் கூடி நிச்சயம் செய்கிறார்கள். எங்கள் கரிசல் சீமையில் அதை நிச்சயம் செய்பவர் வருண பகவான். கண்மாய் வற்றினால் பருவம் ஆரம்பம், நிறைந்தால் முடிவு. மழை பொய்த்த வருஷங்களில் ஆட்டம் ஐப்பசி, கார்த்திகை என்று நீண்டுகொண்டே போகும். பையன்களுக்குக் கொண்டாட்டம், பெரியவர்களுக்கு வயிற்றில் நெருப்பு. ஒரு விளையாட்டுப் பருவம் சீக்கிரம் முடிந்து தொலைய வேண்டும் என்று ஊரே கூடிப் பொங்கல் வைத்துச் சாமி கும்பிடுவது வேறு எங்காவது உண்டா என்பது சந்தேகம்தான்.

சென்ற கோடையில் ஒரு சாயங்காலம் அந்தக் கரையில் போய் உட்கார்ந்திருந்தேன். வெளியே போன பந்தை எடுக்க ஒரு பையன் கரையேறி வந்தான். பன்னிரண்டு வயசு இருக்கும். வெள்ளையும் கறுப்பும் பட்டை பட்டையாகப் போட்ட சட்டை, முழங்கால் வரை தொங்கியது.

“இது எந்த ஊர்ச் சட்டை தம்பி?”

“இத்தாலி, தாத்தா. ஜுவெண்டஸ்.”

“யார் வாங்கித் தந்தா?”

“அப்பா. அருப்புக்கோட்டையிலே, தீவாளிக்கு.”

எனக்கு வாய் சும்மா இருக்கவில்லை. “இத்தாலியிலே நம்ம தமிழ்நாட்டுக்காரர் ஒருத்தர் கோல் போட்டிருக்கார், தெரியுமா?” என்றேன்.

“நெசமாவா? எந்த டீமுக்கு?”

“இந்தியாவுக்கு. 1960-லே, ஒலிம்பிக்ஸிலே.”

“செயிச்சாங்களா?”

“இல்லை. மூணுக்கு ஒண்ணு. தோத்துட்டாங்க.”

“அப்புறம் என்ன தாத்தா!” என்று சொல்லிவிட்டுப் பந்தோடு இறங்கி ஓடிவிட்டான்.

நியாயமான கேள்வி. அதற்கு அங்கேயே பதில் சொல்ல எனக்குச் சாமர்த்தியம் போதவில்லை. வீட்டுக்கு வந்து இரண்டு நாள் யோசித்த பிறகுதான், சொல்வதானால் எங்கே ஆரம்பிக்க வேண்டும் என்று பிடிபட்டது. வேறெங்கும் போக வேண்டாம், திருச்சுழியிலேயே ஆரம்பிக்கலாம்.

1879-ஆம் வருஷம் டிசம்பர் 30-ஆம் தேதி அந்த ஊரில், வக்கீல் சுந்தரமய்யர் வீட்டில், வேங்கடராமன் என்ற பிள்ளை பிறந்தது. 1892-ல் தகப்பனார் காலமானார். பையன் மதுரையில் சிற்றப்பா வீட்டுக்குப் போய்ச் சேர்ந்து, அமெரிக்க மிஷன் பள்ளிக்கூடத்தில் படித்தான். படித்தான் என்று மரியாதைக்குச் சொல்கிறோம். அவனுக்குப் பிடித்தவை குஸ்தி, நீச்சல், கால்பந்து. அவன் எந்தக் கட்சியில் சேர்ந்தாலும் அந்தக் கட்சி ஜெயித்துவிடுமாம். ‘தங்கக்கை’ என்று கூட்டாளிகள் பட்டம் சூட்டியிருந்தார்கள். கால்பந்தில் கைக்கு என்ன வேலை என்று கேட்காதீர்கள். பட்டம் கொடுப்பவர்கள் என்றைக்கு யோசித்துக் கொடுத்திருக்கிறார்கள்? 1896-ல், அண்ணன் சம்பளம் கட்டச் சொல்லிக் கொடுத்த ஐந்து ரூபாயில் மூன்றை மட்டும் எடுத்துக்கொண்டு, பந்தையும் பள்ளிக்கூடத்தையும் விட்டுவிட்டுத் திருவண்ணாமலைக்கு ரயிலேறிவிட்டான் அந்தப் பையன். பிற்பாடு அவர்தான் ரமண மகரிஷி. அவர் பிறந்த வீட்டைத் தரிசிக்க எங்கெங்கிருந்தோ திருச்சுழிக்கு வருகிறவர்களிடம் இந்தக் கால்பந்து விஷயத்தையும் நான் சேர்த்துச் சொல்வதுண்டு. சிலர் சந்தோஷப்படுவார்கள். சிலர் முகத்தைச் சுளிப்பார்கள்.

மதுரைச் சீமையில் மிஷன் பள்ளிக்கூட மைதானங்களில் ஐயர் வீட்டுப் பையன்வரை வந்து சேர்ந்த பந்து, வேறு பக்கங்களில் பட்டாளத்து முகாம்களிலும் ரயில்வே குடியிருப்புகளிலும் உருண்டுகொண்டிருந்தது. உருண்டு உருண்டு அது 1948-ல் லண்டனுக்குப் போயிற்று.

சுதந்திரம் வந்து அப்போது ஒரு வருஷம்கூட நிறையவில்லை. ஜூலை 31-ஆம் தேதி நம்முடைய கோஷ்டி பிரான்ஸோடு ஆடியது. வெம்ப்ளி மாதிரிப் பெரிய மைதானம் ஒன்றும் இல்லை. லண்டனுக்குக் கிழக்கே இல்ஃபோர்டு என்ற புறநகரில், சம்பளம் வாங்காமல் பொழுதுபோக்குக்காக ஆடும் சங்கம் ஒன்றின் மைதானம். நம்மவர்களில் பலர் வெறுங்காலோடு ஆடினார்கள். ஒலிம்பிக் கால்பந்தில் இந்தியா போட்ட முதல் கோலை அங்கே 70-ஆவது நிமிஷத்தில் போட்டவர் சாரங்கபாணி ராமன் என்ற மைசூர் ராஜ்யத்து ஆட்டக்காரர். இரண்டு பெனால்டி கிடைத்தது; இரண்டையும் நம்மவர்கள் கோட்டைவிட்டார்கள். முடிகிற நேரத்தில் பிரான்ஸ் இன்னொரு கோல் போட்டு, இரண்டுக்கு ஒன்று என்று ஜெயித்துவிட்டது. 1952-ல் ஹெல்சிங்கியில் யுகோஸ்லாவியாவிடம் பத்துக்கு ஒன்று என்று வாங்கிக் கட்டிக்கொண்டோம். அதற்குப் பிறகு பூட்ஸ் கட்டாயமாயிற்று. 1956-ல் மெல்போர்னில் நாலாவது இடம். அதோடு அந்த ஏணி முடிந்தது என்று அப்போது யாருக்கும் தெரியாது. எல்லோரும் அதைப் பாதி ஏணி என்றே நினைத்தார்கள்.

பிறகு 1960. ரோமாபுரி.

ரோமாபுரி என்று சொல்லுகிறோமே தவிர, நம்முடைய கால்பந்துக் கோஷ்டி அந்த மகாநகரத்தில் ஓர் ஆட்டமும் ஆடவில்லை. ஒலிம்பிக் கால்பந்தை இத்தாலியர்கள் ஊர் ஊராகப் பிரித்துக் கொடுத்திருந்தார்கள். ஃபிளாரன்ஸ், நேப்பிள்ஸ், லிவோர்னோ முதலிய ஊர்களோடு மூன்று சின்ன ஊர்களுக்கும் பங்கு கிடைத்தது: லாக்குவிலா, கிரோசெட்டோ, பெஸ்காரா. நமக்கு வாய்த்தவை இந்த மூன்றுந்தான்.

இத்தாலியக் கால்பந்தின் ஏற்பாட்டை இங்கே ஒரு வார்த்தை சொல்லிவிட வேண்டும். அது பள்ளிக்கூடத்து வகுப்புகள் மாதிரி. மேலே ‘அ’ பிரிவு. மிலான், டூரின், ரோம் என்று பணக்கார ஊர்களெல்லாம் அதில். அதற்குக் கீழே ‘ஆ’ பிரிவு, ‘இ’ பிரிவு. அதற்கும் கீழே ஜில்லா அளவிலான பந்தயங்கள். வருஷ முடிவில் நன்றாக ஆடினவர்களுக்கு மேல் வகுப்பு. கடைசியில் நின்றவர்கள் கீழ் வகுப்புக்கு இறங்க வேண்டும். நம் பள்ளிக்கூடங்களில் ஃபெயிலானவன் அதே வகுப்பில் உட்காருவான். அங்கே ஒரு வகுப்பு கீழே தள்ளிவிடுவார்கள். இரக்கமில்லாத ஏற்பாடுதான், ஆனால் அதனால்தான் கடைசியில் நிற்கிற கோஷ்டிக்கும் கடைசி நாள்வரை ஆட வேண்டியிருக்கிறது. நான் சொன்ன மூன்று ஊர்களில் பெஸ்காரா ‘அ’ பிரிவுக்கு முதன்முதலாக ஏறியது 1977-ல். மற்ற இரண்டும் இன்றுவரை அந்தப் படியை மிதித்ததில்லை. சென்னை, கல்கத்தாவை விட்டுவிட்டு அருப்புக்கோட்டை, கமுதி, சாத்தூர் என்று ஆட்டத்தை வைத்தால் எப்படி இருக்கும்? அப்படி நினைத்துக்கொள்ளுங்கள்.

லாக்குவிலா என்றால் கழுகு என்று பொருள். எங்கள் பக்கத்துக் கழுகுமலை ஞாபகத்துக்கு வருகிறது. ஆனால் அது உண்மையான மலைநாடு. இத்தாலியின் முதுகெலும்பான அப்பினைன் மலைத்தொடரில், கிரான் சாஸ்ஸோ சிகரத்துக்கு அருகே, அப்ருஸ்ஸோ என்ற ஏழைப் பிராந்தியத்தில் இருக்கிற ஊர். அந்த ஊர்க் கால்பந்துக் கோஷ்டிக்கு ஒரு கதை உண்டு. பெரிய சங்கங்களின் சரித்திரம் கால்பந்துப் புத்தகங்களில் பக்கம் பக்கமாகக் கிடைக்கும். இந்தக் கதைக்கு அங்கே நாலு வரி கிடைத்தால் அதிகம்.

1934-ல் லாக்குவிலா ‘ஆ’ பிரிவுக்கு ஏறியது. அப்ருஸ்ஸோவிலிருந்து அந்தப் படியில் ஏறிய முதல் கோஷ்டி அதுதான். இரண்டு வருஷம் தாக்குப் பிடித்தது. மூன்றாவது வருஷம், 1936 அக்டோபர் 3-ஆம் தேதி, வடக்கே வெரோனா நகரத்தில் ஆடுவதற்காகக் கோஷ்டி மோட்டார் ரயிலில் புறப்பட்டது. முசோலினி காலத்தில் இத்தாலியர் பெருமையடித்துக்கொண்ட வேகமான ஒற்றை வண்டி அது. வழியில் கொண்டிலியானோ என்ற சின்ன ஸ்டேஷனுக்குப் பக்கத்தில் அது மற்றொரு ரயிலோடு மோதியது. கோஷ்டியின் பயிற்சியாளர் அத்தீலியோ புராத்தி இறந்துபோனார். ஆட்டக்காரர்கள் பலருக்குப் பலத்த காயம். சிலர் அப்புறம் பழையபடி பந்தாடவே முடியவில்லை.

பருவம் அப்போதுதான் ஆரம்பித்திருந்தது. கோஷ்டியைக் கலைத்துவிட்டு வீட்டுக்குப் போயிருக்கலாம். யாரும் குறை சொல்லியிருக்க மாட்டார்கள். அவர்கள் கலைக்கவில்லை. இரவல் ஆட்களையும் இளவட்டங்களையும் சேர்த்துக்கொண்டு, நொண்டியும் முடமுமாக அந்தப் பருவத்தை ஆடி முடித்தார்கள். அற்புதம் ஒன்றும் நடக்கவில்லை. ஜெயித்துக் கோப்பை வாங்கிக்கொண்டு புராத்தியின் கல்லறையில் வைத்தார்கள் என்று எழுத எனக்கும் ஆசைதான்; சினிமாவாக இருந்தால் அப்படித்தான் முடிந்திருக்கும். கீழ் வகுப்புக்கு இறங்கினார்கள். அதற்குப் பிறகு ‘ஆ’ பிரிவுக்கு அவர்கள் திரும்பி ஏறவே இல்லை.

எங்கள் சம்சாரிகளைப் பார்த்தவர்களுக்கு இது ஆச்சரியமாக இராது. வானம் பார்த்த பூமியில் புரட்டாசியில் ஒரு தூற்றலை நம்பிப் பருத்தியும் கம்பும் விதைப்பார்கள். முளை வந்து, பத்து நாள் வெயிலில் காய்ந்து போகும். வட்டிக்கு வாங்கி மறு விதைப்புப் போடுவார்கள். மறு விதைப்பு முதல் விதைப்பைப் போல விளையாது என்று அவர்களுக்குத் தெரியாதா? தெரியும். நிலத்தை வெறுமே போட மனசு வராது, அவ்வளவுதான். பட்டணத்திலிருந்து வருகிறவர்கள் இதை மடமை என்று கணக்குப் போட்டுக் காட்டுவார்கள். கணக்கு சரியாகத்தான் இருக்கும்.

அப்ருஸ்ஸோவைப் பற்றி எனக்கு ஏன் இத்தனை கரிசனம் என்றால், அதற்குக் காரணம் பந்து அல்ல, ஒரு நாவல். இக்னாசியோ சிலோனே லாக்குவிலா ஜில்லாவைச் சேர்ந்த பெஸ்சினா என்ற ஊரில் 1900-ல் பிறந்தவர். 1915-ல் வந்த பூகம்பத்தில் தாயாரைப் பறிகொடுத்தவர். முசோலினிக்குத் தப்பி ஸ்விட்ஜர்லாந்தில் இருந்துகொண்டு ‘ஃபொண்டமாரா’ என்ற நாவலை எழுதினார், 1933-ல் வெளியாயிற்று. மலையடிவாரத்துக் குடியானவர்களின் ஓடைத் தண்ணீரைப் பணக்காரன் ஒருவன் தன் வயலுக்குத் திருப்பிக்கொள்கிற கதை. தண்ணீரில் முக்கால் பங்கு பணக்காரனுக்கு, மீதியில் முக்கால் பங்கு குடியானவர்களுக்கு என்று ஒரு பங்கீடு சொல்லி, இரண்டு பேருக்கும் முக்கால் கிடைத்துவிட்டது போலக் காட்டி, எழுதப் படிக்கத் தெரியாத ஜனங்களை ஏமாற்றிவிடுவார்கள். அந்த இடத்தைப் படித்தபோது புத்தகத்தை மூடி வைத்துவிட்டு நான் கொஞ்ச நேரம் சிரித்தேன். மடைத் தகராறு தெரிந்தவன் எவனும் சிரிப்பான். அப்புறம் சிரிப்பு நின்றுவிடும்.

இப்பேர்ப்பட்ட ஊரில்தான் 1960 ஆகஸ்டு 26-ஆம் தேதி இந்தியா ஹங்கேரியோடு ஆடியது.

ஹங்கேரி அந்தக் காலத்தில் சாமானியமான கோஷ்டி அல்ல. பின்னால் 1967-ல் ஐரோப்பாவின் தலைசிறந்த ஆட்டக்காரர் என்று தங்கப்பந்து வாங்கின ஃபுளோரியான் ஆல்பர்ட் அதில் இருந்தார். பிரான்ஸை ஏழு கோல் போட்டு ஒன்றுகூட வாங்காமலும், பெருவை ஆறுக்கு இரண்டு என்றும் அந்தக் கோஷ்டி துவைத்தெடுத்தது. அப்படிப்பட்டவர்களை இந்தியா இரண்டே கோலில் நிறுத்தி, ஒன்றைத் திருப்பியும் போட்டது. போட்டவர் துளசிதாஸ் பலராம். செகந்தராபாத்தில் தமிழ்ப் பெற்றோருக்குப் பிறந்தவர். இந்தியாவின் கோலைக் காத்து நின்றவர் ஆறடிக்கு மேல் உயர்ந்த பீட்டர் தங்கராஜ், ஹைதராபாத்தில் பிறந்து, நீலகிரியில் வெல்லிங்டன் மதராஸ் ரெஜிமெண்ட் முகாமில் பந்தாடிப் பெயர் வாங்கினவர். காப்டன் பி.கே.பானர்ஜி. கூடவே சுனி கோஸ்வாமி, ஜர்னைல் சிங். பயிற்சியாளர் ஹைதராபாத் சையத் அப்துல் ரஹீம். பள்ளிக்கூட வாத்தியாராக இருந்தவர். 2024-ல் அவரைப் பற்றி ‘மைதான்’ என்று ஒரு ஹிந்திப் படமே வந்தது.

மூன்று நாளில் மலையைத் தாண்டி மேற்குக் கரைப் பக்கம் கிரோசெட்டோ. அது மரெம்மா என்ற சமவெளி. எங்களுக்குத் தண்ணீர் இல்லாததால் வந்த தரித்திரம், அவர்களுக்குத் தண்ணீர் தேங்கியதால் வந்தது. சதுப்பு நிலம், கொசு, மலேரியா என்று நூற்றாண்டுக் கணக்கில் செத்துப் பிழைத்த பூமி. வாய்க்கால் வெட்டி வடிய வைத்துத்தான் மனிதர் வாழும் இடமாக்கினார்கள். நீண்ட கொம்புள்ள சாம்பல் நிற மாடுகளைக் குதிரைமேலிருந்து மேய்க்கிற முரட்டு மனிதர்கள் அந்த ஊருக்குப் பெயர்போனவர்கள். மஞ்சுவிரட்டுப் பார்த்த கண்ணுக்கு அவர்களை அந்நியர் என்று தோன்றாது. அங்கே ஆகஸ்டு 29-ஆம் தேதி பிரான்ஸோடு ஆட்டம். 71-ஆவது நிமிஷத்தில் பானர்ஜி கோல் போட்டார். இல்ஃபோர்டுக் கடன் வட்டியோடு தீர்ந்தது என்று நினைத்திருப்பார்கள். பதினொரு நிமிஷந்தான். பிரெஞ்சுக்காரர்கள் ஒன்று போட்டுச் சமன் செய்துவிட்டார்கள்.

தேதிகளைப் பொருத்திப் பார்க்கிற பைத்தியம் எனக்குக் கொஞ்சம் உண்டு. வேங்கடராமன் மதுரையை விட்டுக் கிளம்பியது 1896 ஆகஸ்டு 29. திருவண்ணாமலை போய்ச் சேர்ந்தது செப்டம்பர் 1. அறுபத்து நாலு வருஷம் கழித்து அதே ஆகஸ்டு 29-ல் கிரோசெட்டோ ஆட்டம். அதே செப்டம்பர் 1-ல் பெஸ்காரா ஆட்டம். இதற்கு அர்த்தம் ஒன்றும் கிடையாது. சொல்லாமல் இருக்க முடியவில்லை, சொல்லிவிட்டேன். தங்கக்கை அந்தச் சாயங்காலம் இந்தியாவின் கட்சியில் இல்லை என்பது மட்டும் நிச்சயம்.

பெஸ்காரா கிழக்குக் கடற்கரை ஊர். கவி தன்னுன்ஸியோ பிறந்த இடம். பைன் மரத் தோப்பு ஒன்றின் அருகே, கடலுக்குக் கிட்டத்தில், 1955-ல் கட்டி முடித்த மைதானம். அந்த ஊர் அப்போதுதான் சாம்பலிலிருந்து எழுந்து வந்திருந்தது. 1943 ஆகஸ்டு 31-ஆம் தேதி ஆகாய விமானங்கள் வந்து குண்டு போட்டு ஊரைத் துவம்சம் செய்தன. இறந்தவர்கள் பெரும்பாலும் குடிமக்கள். அந்த வருஷக் கடைசியில் பெஸ்காராவுக்குத் தெற்கே சாங்ரோ நதிக்கரையில், சேறும் மழையுமான பருவத்தில், எட்டாவது இந்திய டிவிஷன் ஜெர்மானியரோடு சண்டையிட்டது. அங்கே ஒரு யுத்த மயானம் இருக்கிறது. புதைக்காமல் எரியூட்டப்பட்ட ஐந்நூறுக்கும் மேற்பட்ட இந்தியச் சிப்பாய்களின் பெயர்களைத் தாங்கிய ஒரு ஞாபகச் சின்னமும் அதில் இருக்கிறது. இத்தாலிய யுத்தத்தில் மதராஸ் சாப்பர்களும் இருந்தார்கள். பாலம் கட்டுவதும் கண்ணிவெடி எடுப்பதும் அவர்கள் தொழில். எங்கள் சீமையில் மழை பொய்த்தால் போவதற்கு இருந்த வழிகள் மூன்று: பர்மா, சிலோன், பட்டாளம். எனவே இத்தாலி என்ற பெயர் எங்கள் பக்கத்துக்குப் பையன்களின் சட்டை வழியாகத்தான் முதன்முதலில் வந்தது என்று யாரும் நினைத்துவிட வேண்டாம். அதற்கு முன்னால் அது தந்தியாகவும் வந்திருக்கிறது.

1960 செப்டம்பர் 1. எதிரே பெரு தேசம். நமக்குக் கையில் ஒரே ஒரு புள்ளி. மேலே போக வழி குறுகிவிட்டது. ஆனாலும் ஆட்டம் ஆட்டந்தான். பெரு முதல் பாதியில் ஒன்று, இரண்டாம் பாதித் தொடக்கத்தில் ஒன்று போட்டது. 85-ஆவது நிமிஷத்தில் இவாசாகி என்பவர் மூன்றாவது போட்டார். பெயரைப் பார்த்தால் ஜப்பான். ஆமாம், ஜப்பானிலிருந்து தென் அமெரிக்காவுக்குப் பிழைக்கப் போன குடும்பங்களில் வந்தவர். மூன்றுக்குப் பூஜ்யம். இன்னும் ஐந்து நிமிஷம்.

ஐந்து நிமிஷத்தில் மூன்று கோல் போட முடியாது. மைதானத்தில் இருந்த அத்தனை பேருக்கும் அது தெரியும், ஆடினவர்களுக்கும் தெரியும். நேரத்தைக் கடத்திவிட்டு, துணியை மாற்றிக்கொண்டு, பெட்டியைக் கட்டலாம். 88-ஆவது நிமிஷத்தில் சைமன் சுந்தரராஜ் ஒரு கோல் போட்டார்.

தஞ்சாவூர்க்காரர். காவிரித் தண்ணீர் குடித்தவர், எங்கள் உப்புத் தண்ணீரைக் குடித்தவர் அல்ல, ஆனாலும் நம்மவர். பந்து எந்த மூலையில் விழுந்தது, கோல்கீப்பர் எப்படித் தாவினார் என்று நான் வர்ணிக்கப் போவதில்லை. கதை எழுதுகிறவனுக்கு அந்தச் சபலம் உண்டு. இந்த இடத்தில் அதை அடக்கிக்கொள்வதுதான் மரியாதை. மூன்றுக்கு ஒன்று. இரண்டு நிமிஷத்தில் ஆட்டம் முடிந்தது. நாலு கோஷ்டிகளில் இந்தியா நாலாவது. இத்தாலியில் நாம் போட்ட கோல் மூன்று. அவற்றில் இரண்டைப் போட்டவர்கள் தமிழர்கள் என்று நாம் வேண்டுமானால் ஓரமாக நின்று பெருமைப்பட்டுக்கொள்ளலாம்.

அந்தக் கோலை யாரும் கொண்டாடவில்லை. கொண்டாட அவகாசமும் இல்லை. செப்டம்பர் 6-ஆம் தேதி 400 மீட்டர் ஓட்டத்தில் மில்கா சிங் நாலாவதாக வந்து, நூலிழையில் பதக்கத்தை விட்டார். தேசமே அதற்காக வருத்தப்பட்டது. மூன்று நாள் கழித்து ஹாக்கியில் முதன்முறையாகத் தங்கத்தைப் பாகிஸ்தானிடம் ஒரே கோலில் பறிகொடுத்தோம். தேசமே அதற்காக அழுதது. இந்த இரண்டு துக்கங்களுக்கு முன்னால் பெஸ்காராவில் விழுந்த ஓர் ஆறுதல் கோலை யார் நினைக்கப் போகிறார்கள்? 1962-ல் ஜகார்த்தாவில் நம்மவர்கள் ஆசியத் தங்கத்தை ஜெயித்தபோது, ரோமாபுரி அத்தியாயம் அடியோடு மறந்துபோயிற்று. அடுத்த ஒலிம்பிக்ஸ் வரும், அதற்கடுத்தது வரும், கோல்கள் குவியும் என்றுதான் எல்லோரும் நினைத்திருப்பார்கள்.

வரவில்லை. 1960-க்குப் பிறகு எந்த ஒலிம்பிக்ஸிலும் இந்தியக் கால்பந்துக் கோஷ்டி ஆடவில்லை. ரஹீம் 1963-ல் புற்றுநோயில் போய்விட்டார். தங்கராஜ் 2008-லும், பானர்ஜியும் கோஸ்வாமியும் 2020-லும், பலராம் 2023-லும் மறைந்தார்கள். அறுபது வருஷத்துக்கும் மேலாக, ஒலிம்பிக்ஸில் இந்தியாவின் கடைசிக் கோல் என்ற இடத்தில், தோற்றுப்போன ஆட்டத்தின் அந்த 88-ஆவது நிமிஷக் கோல் தனியாக நின்றுகொண்டிருக்கிறது. முதல் கோல் லண்டன் புறநகரில் ஒரு பொழுதுபோக்குச் சங்கத்தின் மைதானத்தில். கடைசிக் கோல் அதுவரை முதல் பிரிவையே பார்த்திராத ஓர் இத்தாலிய ஊரில். இரண்டு ஆட்டத்திலும் தோல்வி.

‘பொற்காலம்’ என்று சொல்லிக் கண்ணைக் கசக்குகிற கட்டுரைகள் இதைப் பற்றி நிறைய வந்துவிட்டன. எனக்கு அவற்றில் ருசி இல்லை. பொற்காலம் என்ற சொல்லில் ஒரு சோம்பேறித்தனம் இருக்கிறது. அதைச் சொல்லிவிட்டால் அதற்குப் பிறகு ஒன்றும் செய்ய வேண்டியதில்லை. சுந்தரராஜ் அந்தச் சோம்பேறித்தனத்துக்கு இடம் கொடுத்தவராகத் தெரியவில்லை. 1973-ல் கேரளம் எர்ணாகுளத்தில் சந்தோஷ் கோப்பையை முதன்முறையாக ஜெயித்ததே, அப்போது அந்தக் கோஷ்டிக்குப் பயிற்சியாளர் இவர்தான். இறுதி ஆட்டத்தில் ரயில்வே கோஷ்டியை மூன்றுக்கு இரண்டு என்று வென்றார்கள். காப்டன் மணி மூன்று கோலையும் தாமே போட்டார். கேரளத்தில் கால்பந்து தெரிந்த பெரியவர்களிடம் சைமன் என்று சொன்னால் எழுந்து உட்காருவார்கள். தமிழ்நாட்டில் சொன்னால், “எந்தச் சைமன்?” என்று கேட்பார்கள். சைமன் கமிஷனை நினைத்துக்கொண்டு கேட்டவரும் உண்டு.

லாக்குவிலாவின் பெயர் நம் பத்திரிகைகளில் மறுபடி அடிபட்டது 2009-ல். ஏப்ரல் 6-ஆம் தேதி விடியற்காலை மூன்றரை மணிக்குப் பூகம்பம் வந்து, 309 பேர் மாண்டார்கள். இடிபாடுகளுக்கு நடுவிலேயே அந்த ஜூலையில் உலகத் தலைவர்களின் மகாநாடு கூடியது. நம் பிரதமர் மன்மோகன் சிங்கும் போயிருந்தார். அந்த ஊர்க் கால்பந்துச் சங்கம் அதற்கு முன்னும் பின்னும் நொடித்துப்போய், கீழ்ப்படியிலிருந்து புதிதாக ஆரம்பித்து, மறுபடி நொடித்து, மறுபடி ஆரம்பித்தது. மறு விதைப்பு என்று சொன்னேனே, அந்த ஜாதி.

இதையெல்லாம் அந்தப் பையனிடம் சொல்ல வேண்டும் என்று ஆவணியில் ஒரு நாள் மறுபடி கண்மாய்க்குப் போனேன். அதே பட்டைச் சட்டை, கொஞ்சம் கிழிந்திருந்தது. ஆட்டம் முடிந்து கரையில் உட்கார்ந்து தண்ணீர் குடித்துக்கொண்டிருந்தான். ரயில் மோதினதில் ஆரம்பித்துப் பெஸ்காரா வரை சொன்னேன். மூன்று கோல் வாங்கின இடம் வந்ததும் நிமிர்ந்து பார்த்தான்.

“மூணு வாங்குனதுக்கப்புறமும் ஓடுனாரா?”

“ஓடினார்.”

“எங்க கோல்கீப்பரு ரெண்டு வாங்குனாலே வீட்டுக்குப் போயிருவான், தாத்தா.”

“நீ?”

அவன் யோசித்தான். “பந்து என்னோடதுல்ல. நான் எப்படிப் போறது?” என்றான்.

ஐப்பசியில் மழை பிடித்துக்கொண்டது. நாலு நாள் விடாமல் பெய்தது. குண்டாற்றில் வெள்ளம் வந்தது என்று கேட்டு நானும் குடையைப் பிடித்துக்கொண்டு போய்க் கரையில் நின்றேன். ஆட்டம் நடந்த நாலு ஏக்கரும் செம்மண் நிறத் தண்ணீருக்கு அடியில் போயிருந்தது. கோலுக்கு அடையாளமாக நட்டிருந்த கருவேலங் கம்புகளில் ஒன்றின் தலைமட்டும் வெளியே தெரிந்தது. அதன்மேல் ஒரு மீன்கொத்தி. கரையில் ஊர் ஜனங்கள் வந்து வந்து பார்த்துவிட்டுச் சிரித்துக்கொண்டே போனார்கள். பையன் ஒருவன்தான் பந்தைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, முகத்தைத் தொங்கப் போட்டபடி நின்றான்.